முதல் கேள்வியிடம் எதைக் கேட்கலாம்? பதில் எழுதும் மூத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இணையத்தில் நிரலாக்கக் கேள்விகளுக்குப் பதில் எழுதும் நண்பர்களுக்கும், அந்தக் கேள்விகளை மூடவும் திறக்கவும் அதிகாரம் உள்ள நெறியாளர்களுக்கும்,

வணக்கம்.

புதிதாக நிரல் எழுதப் பழகும் ஒருவர் தன் முதல் கேள்வியைப் போடுகிறார். சில நிமிடங்களில் "என்ன முயற்சி செய்து பார்த்தீர்கள்?" என்று ஒரு வரி வந்து விழுகிறது. அதற்கு என்ன பதில் சொல்வது என்று அவர் யோசிப்பதற்குள் இரண்டு எதிர் ஓட்டுகள் விழுந்துவிடுகின்றன. பல சமயம், யாரும் பதில் எழுத முடியாதபடி கேள்வியும் மூடப்பட்டுவிடுகிறது. இது தினமும் நடக்கிறது. நடத்துகிறவர்கள் கெட்டவர்களும் இல்லை. அதனால்தான் உங்களுக்கே எழுதலாம் என்று தோன்றியது.

நானும் பதில் எழுதுகிறவன்தான். இது சம்பளம் இல்லாத வேலை. நமக்கென்று மிஞ்சும் நேரத்தில் உட்கார்ந்து, முகம் தெரியாத ஒருவரின் நிரலை வரிவரியாகப் படித்து, எங்கே பிசகு என்று தேடிச் சொல்கிறோம். அப்படிச் செய்கிறவர் கேட்கிறவரிடமிருந்து கொஞ்சம் உழைப்பை எதிர்பார்ப்பதில் தப்பே கிடையாது. எதையும் எதிர்பார்க்காதீர்கள், எல்லாவற்றுக்கும் பதில் சொல்லுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. எந்த உழைப்பைக் கேட்கிறோம் என்பதில்தான் எனக்கு வழக்கு. விடை தெரிந்திருந்தால் மட்டுமே செய்ய முடிந்த வேலையை, விடை தெரியாமல் வந்தவரிடம் கேட்கிறோம். பொறுமை மட்டுமே தேவைப்படும் வேலையைப் பல நேரம் கேட்காமலே விட்டுவிடுகிறோம்.

நாம் எல்லோரும் பார்த்திருக்கும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். பைத்தான் கற்கும் ஒருவர், இரண்டு எண்களை வாங்கிக் கூட்டிக் காட்டும் நிரலை எழுதுகிறார். 10 என்றும் 20 என்றும் தட்டுகிறார். 30 வர வேண்டிய இடத்தில் 1020 வருகிறது. நமக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடுகிறது. தட்டியதை வாங்கும் இன்புட் என்ற கட்டளை திருப்பித் தருவது ஸ்ட்ரிங், அதாவது எழுத்துகளின் தொடர். இரண்டு ஸ்ட்ரிங்குகளுக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். இன்டீஜராக, அதாவது முழு எண்ணாக, மாற்றிவிட்டுக் கூட்ட வேண்டும். "கூகுளில் தேடியிருந்தால் ஒரு நிமிடத்தில் கிடைத்திருக்குமே" என்று எரிச்சல் வருகிறது.

அவர் எதைத் தேடியிருப்பார்? அவர் கண்ணில் பட்டது ஒன்றுதான்: கூட்டல் தப்பாக வருகிறது. அதையே தேடினால், 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டும்போது 0.30000000000000004 வருவது ஏன் என்ற விளக்கங்களில் போய் விழ வாய்ப்பு உண்டு. பின்னங்களை இரும எண்களில் சேமிப்பதைப் பற்றி அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு, தன் சிக்கலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று புரியாமல் திரும்பி வருவார். "ஸ்ட்ரிங்கை இன்டீஜராக மாற்றுவது எப்படி" என்று தேடியிருந்தால் கிடைத்திருக்கும், உண்மை. ஆனால் தன்னிடம் இருப்பது ஸ்ட்ரிங் என்பதே அவருக்குத் தெரியாத விஷயம். அது தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்துபோயிருக்கும், நம்மிடம் வந்திருக்கவே மாட்டார். தேடுவதற்குச் சிக்கலின் பெயர் வேண்டும். தொடக்கநிலையில் இருப்பவரிடம் இல்லாத பொருள் அந்தப் பெயர்தான்.

அதனால் "முதலில் தேடிவிட்டு வா" என்பது நமக்குச் சின்ன எதிர்பார்ப்பாகத் தெரிந்தாலும், அவருக்குக் குருவி தலையில் வைத்த பனங்காய்.

இந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதன் வேர் நியாயமானது. இணையத்தின் தொடக்க கால விவாதக் குழுக்களான யூஸ்நெட்டின் காலத்தில் ஒவ்வொரு செப்டம்பரிலும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் கூட்டமாக வந்து சேருவார்கள். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். சில வாரங்களில் அவர்கள் அங்கே இருக்கும் வழக்கங்களைப் பழகிக்கொள்வார்கள், நிலைமை சீராகிவிடும். 1993-க்குப் பிறகு வீட்டு இணைப்பு வழியாகவும் மக்கள் வரத் தொடங்கியதும் வரவு நிற்கவே இல்லை. அந்தக் காலத்தையே "முடியாத செப்டம்பர்" என்று பெயரிட்டு அழைத்தார்கள். அடிக்கடி வரும் கேள்விகளைத் தொகுத்து வைக்கும் பழக்கத்தை உரமிட்டு வளர்த்தது இந்தச் சலிப்புதான். 1995-இல் வெளிவந்த இணைய நடத்தை வழிகாட்டியான ஆர்.எஃப்.சி. 1855, எதையும் எழுதுவதற்கு முன் ஒன்று இரண்டு மாதம் படித்துக்கொண்டு மட்டும் இருங்கள் என்றது. ஒரு குழுவில் சேர்ந்து காலமெல்லாம் அங்கேயே இருக்கப் போகிறவருக்கு அது நல்ல அறிவுரை. நாளைக்குள் ஒரு பயிற்சியை முடிக்க வேண்டியவர் இரண்டு மாதம் காத்திருக்க முடியாது.

2008-இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற நிரலாக்கக் கேள்வி-பதில் தளம் வந்தபோது நோக்கமே வேறாக இருந்தது. ஒரு கேள்வியும் அதன் பதிலும் கேட்டவருக்கு மட்டும் உரியவை இல்லை, பின்னால் தேடி வரப்போகும் ஆயிரம் பேருக்கும் பயன்பட வேண்டும். ஆகவே ஒரே கேள்வி இரண்டு முறை இருக்கக் கூடாது, தெளிவில்லாத கேள்வி தங்கக் கூடாது. அந்தக் கறார்தனத்தின் பலனை நாம் எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். ஆனால் கேட்க வருகிறவர் நூலகம் கட்ட வரவில்லை, ஓடாத நிரலை ஓட வைக்க வருகிறார். இந்த இரண்டு நோக்கங்களும் ஒரே பெட்டிக்குள் அடைக்கப்பட்டதில் அடிபட்டவர்கள் புதியவர்கள். 2018 ஏப்ரலில், தங்கள் தளம் புதியவர்களை வரவேற்கும் இடமாக இல்லை என்று அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதியது.

சரி, முதல் நாளே எதைக் கேட்கலாம்? நிறையவே கேட்கலாம். ஓட்டிய அதே நிரலைக் காப்பி செய்து ஒட்டச் சொல்லலாம். நினைவிலிருந்து திரும்பத் தட்டக் கூடாது, ஏனென்றால் தட்டும்போது கை தானாகவே பிழையைத் திருத்திவிடும், அப்புறம் நாம் இல்லாத பிழையைத் தேடிக்கொண்டிருப்போம். பிழைச்செய்தியை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை எழுத்தாகவே கேட்கலாம். போனில் எடுத்த திரைப் படம் வேண்டாம். படத்தை ஓட்டிப் பார்க்க முடியாது, பார்வையில்லாதவர் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடருக்கு அது எட்டாது, இதே பிழையோடு அடுத்து வருகிறவரின் தேடலிலும் சிக்காது. என்ன உள்ளீடு கொடுத்தார், என்ன வரும் என்று நினைத்தார், என்ன வந்தது, கடைசியாக எப்போது ஒழுங்காக ஓடியது, அதன் பிறகு எதை மாற்றினார்: இவை எல்லாவற்றையும் கேட்கலாம். எதற்காக இதைச் செய்கிறார் என்பதையும் கேட்கலாம். கேட்கப்படும் கேள்விக்குப் பின்னால் வேறொரு தேவை ஒளிந்திருப்பது அடிக்கடி நடக்கும். ஃபைல் பெயரின் கடைசி மூன்று எழுத்தை வெட்டி எடுப்பது எப்படி என்று ஒருவர் கேட்பார். அவருக்கு உண்மையில் வேண்டியது அந்த ஃபைல் என்ன வகை என்று அறிவது. எல்லா வகைகளுக்கும் மூன்று எழுத்து இருக்காது.

இதில் எதற்கும் நிரலாக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கண்ணால் பார்த்ததை மறைக்காமல், சுருக்காமல், கூட்டாமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இந்த இடத்தில் நான் பலரைவிடக் கறாரானவன். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதியவருக்குப் பதில் எழுத மாட்டேன். எப்படி வேலை செய்யவில்லை என்று கேட்டு, அது வந்த பிறகுதான் அடுத்த வரிக்குப் போவேன். நம்மில் சிலர் இரக்கத்தினால் ஊகித்தே பதில் எழுதிவிடுகிறார்கள். பிழைச்செய்தியைப் பார்க்காமலே ஐந்து சாத்தியங்களைப் பட்டியல் போட்டுக் கொடுக்கிறார்கள். அது உதவி மாதிரித் தெரியும், ஆனால் கேட்டவரைக் கூடுதலாகக் குழப்பும். தகவல் கொடுப்பதும் தன் வேலைதான் என்று அவர் கற்க வேண்டிய இடத்தில், அதற்கு அவசியமில்லை என்று கற்றுக்கொண்டு போவார்.

பிழைச்செய்தியைக் கொடுக்கச் சொல்வது வேறு, அதைப் படித்துப் புரிந்துகொண்டு வரச் சொல்வது வேறு. இரண்டாவதை நாம் மிக எளிதாக எடுத்துக்கொள்கிறோம். "அங்கேயே எழுதியிருக்கிறதே, படிக்கவில்லையா?" என்று கேட்கிறோம். கொஞ்சம் நின்று யோசியுங்கள். பைத்தானில் பிழை வந்தால் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும், என்ன பிழை என்பது அடியில்தான் இருக்கும். ஜாவாவில் பிழையின் பெயர் மேலே முதல் வரியில் இருக்கும். கீழே வரும் நீண்ட பட்டியலில் நம் சொந்த ஃபைலின் பெயர் எங்கே முதலில் வருகிறது என்று பார்க்க வேண்டும். சில சமயம் மூல காரணம் இன்னும் கீழே தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். சி மொழியில் ஒரே ஒரு அரைப்புள்ளியை விட்டுவிட்டால் அடுக்கடுக்காகப் பிழைகள் கொட்டலாம், முதலாவதைச் சரிசெய்தால் மீதி தானாகப் போய்விடும். எந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்பதே மொழிக்கு மொழி மாறுகிறது. அதை நமக்கும் யாரோ ஒருவர் சொல்லிக் கொடுத்தார், அல்லது பல வருடம் அடிபட்டுத் தெரிந்துகொண்டோம். சிவப்பாக முப்பது வரி வந்து நின்றதும் ஒருவர் திகைத்துப் போனால் அதைச் சோம்பேறித்தனம் என்று எழுதிவிட வேண்டாம்.

ஒழுங்காகப் படித்தவரையும் அந்தச் செய்திகள் ஏமாற்றியிருக்கின்றன. பைத்தானில் ஓர் அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு மூட மறந்தால், பழைய பதிப்புகள் அதற்கு அடுத்த வரியைச் சுட்டிக்காட்டி, தொடரமைப்பு தவறு என்று மட்டும் பல நேரம் சொல்லும். செய்தியை உண்மையாகப் படித்த மாணவர் எந்தக் குற்றமும் செய்யாத ஒரு வரியைப் பத்து நிமிடம் வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். 2021 அக்டோபரில் வந்த 3.10 பதிப்பில்தான் "இந்த அடைப்புக்குறி மூடப்படவே இல்லை" என்று சரியான இடத்தைக் காட்டத் தொடங்கினார்கள். மதிப்பைச் சேமித்து வைக்கும் மாறியின் பெயரைத் தப்பாகத் தட்டினால், இதைத்தான் சொல்ல வந்தீர்களா என்று கேட்கும் வசதியும் அதே பதிப்பில் வந்தது. ரஸ்ட் மொழியில் பல வகைப் பிழைகளுக்கு ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் உதாரணத்தோடு நீளமான விளக்கம் தரும்படி, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரையே அமைத்திருக்கிறார்கள். மொழிகளை உருவாக்குகிறவர்கள், புரியாமல் போனதில் தங்கள் பங்கும் உண்டு என்று ஏற்றுக்கொண்டு மாற்றிய விஷயங்கள் இவை. இதை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. அதே பரிவு நம் பதில்களிலும் வர முடியும் என்று நம்புகிறேன்.

ஆவணங்களைப் படிக்கச் சொல்வதும் இப்படித்தான். மொழியின் ஆவணங்கள் பெரும்பாலும் தெரிந்தவர் சரிபார்த்துக்கொள்ள எழுதப்பட்டவை. ரேஞ்ச் என்ற ஃபங்ஷனுக்கான குறிப்பில், தொடக்கம், முடிவு என்று போட்டுவிட்டு, மூன்றாவது மதிப்பைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதியிருப்பார்கள். விருப்பமிருந்தால் கொடுக்கலாம் என்பது அதன் பொருள். அது எழுத்து மரபு என்று தெரியாதவர் அந்தச் சதுர அடைப்பையும் சேர்த்தே தன் நிரலில் தட்டுவார். படிக்காமல் செய்த தவறு இல்லை இது, எழுத்துக்கு எழுத்து படித்ததால் வந்த தவறு. பெரும்பாலான ஆவணங்களும் பிழைச்செய்திகளும் ஆங்கிலத்தில் இருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் கைவராத ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு மொழிகளோடு மல்லுக்கட்டுகிறார். அவர் எழுதும் கேள்வி கரடுமுரடாக இருப்பது அவர் யோசிக்கவில்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. ஆவணத்தைப் படிக்கச் சொல்வதானால், எந்தப் பக்கம், எந்தப் பத்தி, அதில் எந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். அதற்கு நமக்கு ஒரு நிமிடம் கூடுதலாக ஆகும்.

நமக்குத் தெரிந்தது அடுத்தவருக்குத் தெரியாது என்று உணர்வது எவ்வளவு கடினம் என்பதற்கு, 1990-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் நடத்திய பரிசோதனையை நினைத்துக்கொள்வேன். ஒருவர் பிரபலமான பாட்டின் தாளத்தை மேசையில் விரலால் தட்ட வேண்டும், கேட்கிறவர் அது எந்தப் பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். தட்டப்பட்ட 120 பாட்டுகளில் 3 மட்டுமே கண்டுபிடிக்கப்பட்டன. தட்டுகிறவரின் தலைக்குள் பாட்டு முழுதாக ஓடிக்கொண்டிருந்தது. கேட்டவருக்கு வெறும் டொக் டொக்தான். "இன்புட்டின் டைப்பைப் பார்" என்று நாம் எழுதும்போது நம் தலைக்குள் ஓடுவதும் அவருக்குப் போய்ச் சேருவதும் அந்த அளவுக்கு வேறு வேறு.

"கஷ்டப்பட்டால்தான் கற்றுக்கொள்வான்" என்று சொல்கிற நண்பர்கள் உண்டு. நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள், அதில் பாதி உண்மையும் இருக்கிறது. கற்றலை ஆராயும் மனு கபூரின் ஆய்வுகள், முதலில் தானாக முட்டி மோதித் தோற்ற பிறகு பாடம் கேட்ட மாணவர்கள் கருத்தை ஆழமாகப் பிடித்துக்கொண்டதைக் காட்டின. ஆனால் அங்கே தோற்ற பிறகு பாடம் வருகிறது. தோல்வியோடு விட்டுவிடுவதில்லை. இன்னொரு பக்கம், 1988-இல் கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் எழுதியது எனக்கு முக்கியமாகப் படுகிறது: துணையில்லாமல் ஒரு சிக்கலைத் தீர்க்கத் தடுமாறும்போது அந்தத் தடுமாற்றமே மனத்தின் இடத்தை எல்லாம் பிடித்துக்கொள்கிறது, கற்பதற்கு இடம் மிஞ்சுவதில்லை. செய்து காட்டிய உதாரணங்களைப் படிப்பது தொடக்கநிலையில் கூடுதல் பலன் தருகிறது. ஆகவே நம்மிடம் வருகிறவர் ஏற்கெனவே முட்டி மோதிவிட்டுத்தான் வருகிறார் என்று வைத்துக்கொள்வது நல்லது. அவருக்கு அடுத்துத் தேவைப்படுவது பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று.

அந்த ஏதாவது ஒன்று என்ன? 1020 வந்தவரிடம் திரும்பப் போவோம். அவரிடம் "என்ன முயற்சி செய்தீர்கள்?" என்று கேட்டால், சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. எதை முயற்சி என்கிறோம் என்றே அவருக்குத் தெரியாது. அதே நேரம், முழு விடையையும் எழுதிக் கொடுத்துவிட்டால் காப்பி செய்துகொண்டு போய்விடுவார், அடுத்த வாரம் வேறு உருவத்தில் அதே கேள்வியோடு வருவார். நடுவே ஒரு வழி இருக்கிறது. "கூட்டுவதற்கு முந்தின வரியில், அந்த இரண்டு மாறிகளின் டைப்பை, அதாவது அவற்றில் இருப்பது எந்த வகை மதிப்பு என்பதை, பிரின்ட் செய்யுங்கள். திரையில் என்ன வருகிறது என்று அப்படியே இங்கே எழுதுங்கள்" என்று கேளுங்கள். அதை எப்படி எழுதுவது என்ற ஒரு வரியையும் நீங்களே கொடுத்துவிடுங்கள். அவர் ஓட்டிப் பார்ப்பார். ஸ்ட்ரிங் என்று வரும். எண் என்று இத்தனை நேரம் நம்பிக்கொண்டிருந்தது எண் இல்லை என்பதை அவரே தன் கண்ணால் பார்க்கிறார். தேட வேண்டிய பெயர் அந்த நொடியில் அவர் கைக்கு வந்துவிட்டது. அதைவிட முக்கியமாக, ஒரு கருவி வந்துவிட்டது: சந்தேகம் வந்தால் நடுவே பிரின்ட் போட்டுப் பார்க்கலாம். அடுத்த முறை அவரிடம் "என்ன முயற்சி செய்தீர்கள்?" என்று தாராளமாகக் கேட்கலாம். அப்போது அந்தக் கேள்விக்குப் பொருள் இருக்கும்.

என் எதிர்பார்ப்பு இப்படித்தான் வளரும். முதல் கேள்வியில் நேர்மையான தகவல் போதும். அதற்கு வந்த பதிலில் கற்றது இரண்டாவது கேள்வியில் தெரிய வேண்டும். நிரலைச் சுருக்கி, பிழை வருவதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவை மட்டும் கொடுப்பதையும் போகப் போகக் கேட்பேன். எது தேவையில்லாதது என்று தெரிந்தால்தானே வெட்ட முடியும், முதல் நாளில் அவருக்கு எல்லா வரியும் ஒன்றுபோலத்தான். ஆனால் அதற்கும் சொல்லிக் கொடுக்கக்கூடிய எளிய முறை ஒன்று உண்டு: ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் சந்தேகமில்லாத ஒரு பகுதியை நீக்குங்கள், ஓட்டுங்கள், அதே பிழை இன்னும் வந்தால் அந்தப் பகுதிக்குச் சம்பந்தமில்லை, அடுத்ததை நீக்குங்கள். இப்படிச் செய்துகொண்டு வரும்போது பாதி வழியிலேயே பிழையைத் தானே கண்டுபிடித்துவிட்டதாக எழுதுகிறவர்கள் ஏராளம். அந்தச் செய்தியைப் படிக்கும்போது கிடைக்கும் நிறைவு வேறு எந்தப் பதிலிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

அப்படியானால் சோம்பேறியையும் கற்க வந்தவரையும் எப்படிப் பிரிப்பது என்று கேட்பீர்கள். உளவியலாளர் ஷாரன் நெல்சன்-லெ கால் 1981-இல் பிள்ளைகள் உதவி கேட்பதைப் பற்றி எழுதியபோது இரண்டு வகை சொன்னார்: தன் வேலையை அடுத்தவர் செய்து முடிக்க வேண்டும் என்று கேட்பது ஒன்று, தானே செய்வதற்கு வேண்டிய அளவு மட்டும் கேட்பது இன்னொன்று. பிரிவு சரியானதுதான். ஆனால் முதல் கேள்வியின் எழுத்தை வைத்து யார் எந்த வகை என்று நம்மால் சொல்ல முடியாது. அவசரமாகவும் கொச்சையாகவும் எழுதியவர் கற்க வந்தவராக இருப்பார். வழிகாட்டியைப் படித்துவிட்டு அழகாக எழுதியவர் வீட்டுப்பாடத்தை நம் தலையில் கட்ட வந்தவராக இருப்பார். நாம் திருப்பிக் கேட்கும் அந்தச் சின்னக் கேள்விக்கு அவர் என்ன செய்கிறார் என்பதுதான் காட்டிக்கொடுக்கும். பிரின்ட் போட்டுப் பார்த்து வந்ததை எழுதினால் அவருக்காக எவ்வளவு நேரமும் செலவிடலாம். "அதெல்லாம் வேண்டாம், ஆன்ஸர் மட்டும் போடுங்க" என்றால், எந்தக் கோபமும் இல்லாமல் நகர்ந்துவிடலாம். திட்ட வேண்டியதில்லை. பதில் எழுதாமல் போவது நம் உரிமை. மனம் சலித்துப்போன நாளிலும் அப்படித்தான், பேசாமல் கடந்து போவது ஒரு கசப்பான வரியை விட்டுச் செல்வதைவிட எவ்வளவோ மேல். அந்தக் கசப்பைக் கேட்டவர் மட்டும் படிப்பதில்லை. கேட்கலாமா வேண்டாமா என்று ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருக்கும் பலரும் படிக்கிறார்கள். அவர்கள் கேட்காமலே போய்விடுகிறார்கள்.

கேள்வியின் தரம் ஆளின் குணத்தைப் பொறுத்தது என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலேயே ஒரு மாதம் ஒரு பரிசோதனை நடந்தது, அதன் முடிவுகள் 2018-இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தன. கேள்வி எழுதிக்கொண்டிருந்த புதியவர்களை, அதை வெளியிடுவதற்கு முன் ஓர் உதவி அறைக்கு வழிகாட்டி அனுப்பினார்கள். அங்கே அனுபவசாலிகள் வரைவைப் படித்துவிட்டு இதைச் சேருங்கள், அதை இப்படி மாற்றுங்கள் என்று பேசினார்கள். அப்படித் திருத்தி வெளியிட்ட கேள்விகளின் சராசரி மதிப்பெண், வழிகாட்டல் இல்லாமல் வெளியானவற்றைவிட 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதே தளம், அதே மாதிரியான புதியவர்கள். நடுவே ஒரு மனிதர் பேசியதுதான் வித்தியாசம்.

இப்போது இதை எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு, தொடக்கநிலைக் கேள்விகளில் பெரும் பங்கு இயந்திரத்திடம் போய்விட்டது. அது முகம் சுளிக்காது, நடுராத்திரியில் கேட்டாலும் பதில் சொல்லும். தப்பையும் அதே நிதானத்தோடு சொல்லும் என்பதால் அந்த டிசம்பரிலேயே ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அதன் பதில்களைத் தளத்தில் ஒட்டக் கூடாது என்று தடை செய்தது. இன்று நம்மிடம் வந்து சேருகிறவர்களில் பலர், இயந்திரம் எழுதித் தந்த நிரல் ஓடாமல் நின்ற இடத்திலிருந்து வருகிறார்கள். தான் எழுதாத நிரலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். இவர்களிடம் புதிதாக ஒன்றை எதிர்பார்க்கலாம் என்று நினைக்கிறேன்: எந்தப் பகுதி இயந்திரம் கொடுத்தது, எந்தப் பகுதி சொந்தமாக எழுதியது, எந்த வரிவரை புரிகிறது, எங்கிருந்து புரியவில்லை என்று சொல்ல வேண்டும். இதற்கும் அறிவு வேண்டாம், நேர்மை போதும். ஆனால் இயந்திரத்திடம் கேட்டதைச் சொன்னால் திட்டு விழும் என்ற பயம் இருக்கும்வரை அந்த நேர்மை வராது. அந்தப் பயத்தை எடுப்பது நம் பொறுப்பு.

நெறியாளர்களிடம் தனியாகச் சில வேண்டுகோள்கள். மூடும்போது, திருத்த வேண்டியதில் முதன்மையான ஒன்றை, அந்தக் கேள்வியின் சொற்களிலேயே சொல்லுங்கள். அச்சடித்த குறிப்பில் பத்து விதிகளையும் ஒரே மூச்சில் கொட்டினால் எது தனக்கானது என்று அவருக்குத் தெரியாது. "பிழைச்செய்தியின் கடைசி வரியைச் சேருங்கள், திறந்துவிடுகிறோம்" என்பது போதும். ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்வி என்று இணைப்பு கொடுத்து மூடினால், அது எப்படி இதே கேள்வி என்று ஒரு வாக்கியம் சேருங்கள். ஸ்ட்ரிங், இன்டீஜர் பற்றிய பழைய கேள்விக்கு அனுப்பப்பட்ட அந்தக் கூட்டல்காரருக்கு, தன் நிரலில் இன்புட் என்ற சொல்தான் இரண்டையும் இணைக்கும் இடம் என்று யாராவது சொன்னால்தான் அந்தப் பழைய பதில் திறக்கும். முதல் கேள்வி என்று தெரிந்தால் ஒரு நாள் அவகாசம் கொடுங்கள். நீங்கள் கேட்ட நேரத்தில் அவர் உறங்கிக்கொண்டிருக்கலாம், உலகம் முழுக்க ஒரே நேரத்தில் விழித்திருப்பதில்லை. விளக்கமில்லாத எதிர் ஓட்டை முதல் கேள்விக்கு மட்டுமாவது தவிருங்கள். அதிலிருந்து அவர் எதையும் கற்க முடியாது.

அப்புறம், திருத்தப்பட்ட கேள்விகள். சொன்னபடி நிரலைச் சேர்த்து, பிழைச்செய்தியைச் சேர்த்து, கேள்வியைத் திருத்தி எழுதிவிட்டு ஒருவர் காத்திருக்கிறார். மூடியவர்கள் எல்லோரும் வேறு கேள்விகளுக்குப் போய்விட்டார்கள், யாரும் திரும்பி வந்து பார்ப்பதில்லை. நாம் கேட்ட உழைப்பைக் கொடுத்தவர் அவர். தினமும் நெறியாளர் வேலையைத் தொடங்கும்போது, மறுதிறப்புக்குக் காத்திருக்கும் வரிசையை முதலில் காலி செய்யுங்கள். புதிதாக வந்தவற்றை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

அன்புடன்,
உங்களோடு சேர்ந்து பதில் எழுதும் ஒருவன்